தீர்ப்பு வந்த மறுநாள்

ராஜபாளையம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் உன்னைக் கூடுதல் அரசு வழக்கறிஞராகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பன் சொன்னான். போனில் வாழ்த்திவிட்டேன். அறிவுரையையும் போனிலேயே சொன்னால் "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் ஏதாவது ஒரு கட்டில் கோத்து வைப்பாய். கட்டு என்றைக்காவது பிரிக்கப்படும். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான், தாயி. அரசு வக்கீலின் வேலை தீர்ப்பு வந்த மறுநாள்தான் தொடங்குகிறது. தனியார் வக்கீலுக்குத் தீர்ப்பு நகலைக் கட்சிக்காரர் கையில் கொடுத்ததும் கடமை முடிந்தது. மிச்சத்தை அந்தக் கட்சிக்காரரே பார்த்துக்கொள்வார். உன் கட்சிக்காரர் அரசு. அரசின் பின்னால் நிற்பது, கோர்ட் வாசலையே மிதிக்காத லட்சம் பேர். தீர்ப்பு அவர்களிடம் தானாக நடந்து போகாது. யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

முதலில் நீ உட்காரப் போகும் நாற்காலியைப் பற்றிப் பேசுவோம். அரசியல் சட்டத்தின் 165ஆம் பிரிவின்படி மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி உள்ளவராக அவர் இருக்க வேண்டும். 177ஆம் பிரிவு அவருக்குச் சட்டமன்றத்தில் பேசும் உரிமையைத் தருகிறது, வாக்கு இல்லை. சென்னையில் அவர், 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகு அங்கே அவருடைய அணி, மாவட்டத்தில் அரசு வழக்கறிஞர் (ஜி.பி.), அரசுக் குற்றவியல் வழக்கறிஞர் (பி.பி.); அவர்களுக்குக் கீழே நீ. மேலே இருப்பவருக்குச் செய்தித்தாளில் படம் வரும். உனக்குப் பட்டா எண் தவறாகப் போட்ட தாசில்தார் வருவார். இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள் என்பதை மறக்காதே.

அமெரிக்காவில் இந்தப் பதவியின் தோரணையே வேறு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மருந்துக் கம்பெனி ஏமாற்றினாலும், கடன் கொடுத்தவன் வட்டியில் விளையாடினாலும், தண்ணீரில் நஞ்சு கலந்தாலும் மாநிலத்தின் பெயரால் அவரே வாதியாகப் போய் நிற்பார். 1994இல் மிசிசிப்பி மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் மைக் மூர் சிகரெட் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார். புகைத்து நோயாளியானவர்களுக்கு மாநிலம் செய்த வைத்தியச் செலவைக் கம்பெனிகள் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வாதம். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன: முதல் 25 ஆண்டுகளில் மட்டும் சுமார் 20,600 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரிலும் இப்படி ஒருவர் இல்லையே என்று பெருமூச்சு விடாதே. அந்தப் பணம் என்ன ஆனது என்று பார். புகைப்பதைத் தடுக்கும் வேலைக்குப் போனது அதில் சிறு துளி. பெரும்பகுதியைப் பல மாநிலங்கள் சாலைக்கும் வரவு செலவுப் பற்றாக்குறைக்கும் எடுத்துக்கொண்டன. வழக்கு வென்றது உண்மை. யாருடைய நுரையீரலைச் சொல்லி வழக்கு நடந்ததோ அவருக்கு வந்தது கொஞ்சம்தான். தேர்ந்தெடுத்தாலும் நியமித்தாலும் இந்தப் பள்ளம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. தீர்ப்புக்கும் திண்ணைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்.

நம் சட்டத்திலும் அரசு வாதியாகப் போக வழி உண்டு, பலர் மறந்துவிட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவை எடுத்துப் பார். பொதுத் தொல்லையை நிறுத்த அட்வகேட் ஜெனரல் வழக்குப் போடலாம். கோர்ட் அனுமதித்தால் ஊர்க்காரர்கள் இருவர் சேர்ந்தும் போடலாம், அவர்களுக்குத் தனிப்பட்ட நஷ்டம் இருக்க வேண்டியதில்லை. 92ஆம் பிரிவு பொது அறக்கட்டளைகளைப் பற்றியது. சத்திரமோ பள்ளியோ நடத்த எழுதி வைத்த சொத்தை அறங்காவலர் விழுங்கினால் அதே அட்வகேட் ஜெனரல் கணக்குக் கேட்டு வழக்காடலாம். அடுத்து வரும் 93ஐத்தான் நீ மனப்பாடம் பண்ண வேண்டும். சென்னை மாதிரியான மாநகருக்கு வெளியே, இந்த இரண்டு அதிகாரத்தையும் மாநில அரசின் முன் அனுமதியோடு கலெக்டர் பயன்படுத்தலாம். அதாவது சென்னையில் உட்கார்ந்திருக்கும் அட்வகேட் ஜெனரலின் கை, விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வரை நீள்கிறது. கலெக்டருக்கு அது தெரிந்திருக்கும் என்று எண்ணாதே. எடுத்துச் சொல்ல வேண்டியவள் நீ.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் புகார்தாரர் என்ற வரிசையில் மாநில அரசு இருக்கிறது. நுகர்வோர் ஒரு கூட்டமாக ஏமாற்றப்பட்டால் விசாரித்து அறிக்கை தரக் கலெக்டருக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நீ நடமாடும் ஊரில்தான் இருக்கிறது. ஓடாத ஃப்ரிட்ஜுக்கு ஒருவர் போடும் வழக்கை அங்கே தினமும் பார்க்கலாம். ஆயிரம் பேரை ஒரே மாதிரி ஏமாற்றியவன் மேல் அரசு போடும் வழக்குதான் அரிது.

அரிதாக இருப்பதற்குக் காரணம், அரசு வக்கீலின் பழக்கம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ் வரும், இரண்டு மாதம் ஓடும், பிராது வரும், எதிருரை போட வாய்தா கேட்போம். எதிர்வாதியாகவே உட்கார்ந்து உட்கார்ந்து, தாக்க வருபவர்களைத் தடுப்பது மட்டுமே வேலை என்ற எண்ணம் ஊறிவிடும். வேலூர்க் கதை அதைத்தான் சொல்கிறது. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தபோது உச்ச நீதிமன்றத்துக்கு 1991இல் போனது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். மாநில அரசு எதிர்வாதிகள் பக்கம் இருந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த அந்தத் தீர்ப்பை நீ கல்லூரியில் படித்திருப்பாய்: கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு.

கல்லூரியில் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். இழப்பீட்டைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைந்தது. 2001இலும் 2009இலும் அது இழப்பீடு அறிவித்தது. அறிவித்ததைப் பாக்கியில்லாமல் கொடுங்கள், முதலில் அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30இல் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 1996இல் நிலம் கெட்டுப்போய் நின்ற விவசாயியின் பேரன் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பான். சட்டப் புத்தகத்துக்குப் பெருமை சேர்த்த வழக்கு. பணம் கைக்கு வருவதற்கு இன்னொரு தலைமுறை.

போபாலையும் இதே கண்ணோடு படி. 1984 டிசம்பரில் அங்கே ஓர் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அடுத்த மார்ச்சில் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட, பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் வழக்காடும் உரிமையை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. பிள்ளைக்குப் பெற்றவர் போல மக்களுக்கு அரசு என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. நியூயார்க் கோர்ட் 1986இல் இந்தியாவுக்கே போங்கள் என்று அனுப்பிவிட்டது. போபால் மாவட்ட நீதிமன்றத்தில் அரசு வழக்குப் போட்டது. அந்த மாவட்ட நீதிபதி 1987 டிசம்பரில் 350 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னார். மாவட்ட நீதிமன்றம் என்றால் இளக்காரமாக நினைப்பவர்களிடம் இதைச் சொல். உயர் நீதிமன்றம் 250 கோடியாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் 1989 பிப்ரவரி 14இல் 47 கோடி டாலருக்கு அரசும் ஆலையின் கம்பெனியும் சமரசம் செய்துகொண்டன.

அந்தச் சட்டம் செல்லும் என்று அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சமரசத்துக்கு முன் பாதிக்கப்பட்டவர்களின் குரலையும் கேட்டிருக்க வேண்டும் என்ற குறையைப் பதிவு செய்தது. பெற்றவர் போல நடப்பவர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பிறகு பணத்தைப் பங்கிடுவதே பெரிய வழக்கானது. 2004 ஜூலையில்கூடக் கொடுக்காமல் மிஞ்சியிருந்த சுமார் 1,500 கோடி ரூபாயைப் பிரித்துக் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கூடுதல் இழப்பீடு கேட்டு 2010இல் அரசு போட்ட குறைதீர் மனு (க்யூரேட்டிவ் மனு) 2023 மார்ச் 14இல் தள்ளுபடியானது. அப்போது ஐந்து நீதிபதிகளும் அரசைப் பார்த்துச் சொன்ன ஒன்று முக்கியம்: பாதிக்கப்பட்டவர்களுக்குக் காப்பீடு எடுங்கள் என்று 1991இலேயே சொல்லியிருந்தோமே, எடுக்காதது உங்கள் பெரும் அலட்சியம் என்றார்கள். புது மனு போடத் தெரிந்த அரசுக்குப் பழைய உத்தரவை நிறைவேற்றத் தெரியவில்லை. போபாலில் நடந்ததைக் குறைத்துச் சொல்லவில்லை, தாயி. எந்த ஆபீஸில் எந்தக் காகிதம் நின்றுபோனது என்று கேட்கும் வக்கீல் ஒருவர் வேண்டியிருந்தது என்கிறேன்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். உன் மேசைக்கு அதிகம் வரப்போவது ஏமாந்த பணம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டுபவரும், மில்லில் ஷிப்டு பார்க்கும் பெண்ணும், தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவரும் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததை, மாதம் இத்தனை வட்டி என்று சொன்னவனிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். தொண்ணூறுகளில் இது ஊருக்கு ஊர் நடந்தது. அதன் விளைவாகத்தான் 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வக்கீல்கள் நாக்கில் அது டி.என்.பி.ஐ.டி. அமெரிக்க அட்டர்னி ஜெனரல் செய்வதற்கு நம் மண்ணில் உள்ள நெருங்கிய உறவு இதுதான் என்பேன். முதலீட்டாளர் ஒவ்வொருவரும் தனித்தனியாக சிவில் வழக்குப் போட்டு ஸ்டாம்பு ஒட்டி அலைய வேண்டாம்; அரசே முன்வந்து நிறுவனத்தின் சொத்தை ஜப்தி செய்யும். பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) இதற்கான தகுதிவாய்ந்த அலுவலராக இருப்பார். அவர் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட்டு ஜப்தியை உறுதிப்படுத்தி, ஏலம் விட்டு, பணத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குற்றவாளிக்குப் பத்தாண்டு வரை சிறை.

மாநிலத்துக்கு இந்தச் சட்டம் போட அதிகாரமே இல்லை, இது ரிசர்வ் வங்கி பார்க்கும் விஷயம் என்று எதிர்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சட்டம் செல்லும் என்றது. மகாராஷ்டிரத்தின் இதே மாதிரிச் சட்டத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றிருந்தது. 2011 மார்ச் 4இல் பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தை நிலைநிறுத்தியது. சட்டத்தைக் காப்பாற்றியாயிற்று. முதலீட்டாளரை?

திருப்பூர் பாசி நிறுவனத்தின் வழக்கைப் பார். அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி 2008, 2009இல் திரட்டியது 930 கோடி ரூபாய். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு 27 ஆண்டு சிறையும் 171.74 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 27 ஆண்டு என்பது எல்லோர் நினைவிலும் நின்றது. கணக்குப் போட்டுப் பார்: அபராதம் முழுவதும் வசூலாகி முதலீட்டாளர்களுக்கே போனாலும் திரட்டியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்டனை குற்றவாளிக்கு. முதலீட்டாளருக்குச் சொத்து வேண்டும், அந்தச் சொத்து முதல் வாரத்திலேயே பிடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சிறப்பு நீதிமன்றம் மதுரையில்தானே, நமக்கென்ன என்று இருந்துவிடாதே. பிடித்த சொத்து உன் தாலுகாவில் இருக்கும். ஜப்தி ஆணை வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, வில்லங்கச் சான்றில் ஏறியதா என்று நீயே விண்ணப்பம் போட்டு எடுத்துப் பார். ஏறவில்லையென்றால் அந்த நிலம் மூன்று கை மாறிவிடும். இன்னொரு தந்திரமும் உண்டு. நிறுவனத்துக்காரனின் அண்ணன், அந்தச் சொத்தில் எனக்குப் பங்கு இருக்கிறது என்று உன் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போடுவான். தம்பி எதிர்ப்பே சொல்லமாட்டான். அல்லது ஜப்திக்கு முந்தின தேதியிட்ட கிரய ஒப்பந்தம் ஒன்று எங்கிருந்தோ முளைக்கும். அரசை அதில் கட்சியாகச் சேர்த்திருக்கமாட்டார்கள். கோர்ட்டின் தினசரி வழக்குப் பட்டியலில் சர்வே எண் வராது, பெயர்தான் வரும். ஜப்தியான சொத்துக்காரர்களின் பெயர்ப் பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வை. உன் குமாஸ்தா தினமும் வழக்குப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கட்டும். பெயர் கண்ணில் பட்ட அன்றே அரசைக் கட்சியாகச் சேர்க்க மனுப் போடு. இதற்கெல்லாம் செய்தித்தாளில் படம் வராது.

பட்டாசு விபத்து அடுத்தது. நம் மாவட்டத்தில் அது நடக்காத ஆண்டு உண்டா? 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்ததில் இருபது பேருக்கு மேல் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செய்தியைப் பார்த்துத் தானே வழக்காக எடுத்துக்கொண்டு, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்றது. அதற்கு முப்பது வருஷம் முன்பே எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசித் தொழிலாளிகளுக்கு 50,000 ரூபாய்க் காப்பீடு கட்டாயம் என்று சொல்லியிருந்தது. 1996 டிசம்பரில் அதே வழக்கில், ஆபத்தான வேலையில் சிறுவரை வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. உத்தரவுக்குப் பஞ்சமே இல்லை.

பஞ்சம் காகிதத்தில்தான். உரிமம் ஒருவர் பெயரில், ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர், மருந்து கலக்கியவர் வருகைப் பதிவேட்டில் இல்லாதவர். விபத்து நடந்த மறுநாள் எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது, இறந்தவர் அங்கேதான் வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு சாட்சியம். கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம், வேன் டிரைவரின் வாக்குமூலம், சனிக்கிழமைச் சம்பளக் குறிப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று. தீக்காயம் பட்டவருக்கு எத்தனை சதவீதம் என்று மருத்துவர் எழுதிய தாள். அதை வைத்துத்தான் பிற்பாடு தொகை முடிவாகும். ஒரு மாதம் போனால் கூட வேலை பார்த்தவர் வேறு ஆலையில் சேர்ந்திருப்பார், பேசமாட்டார். கலெக்டருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடு: விபத்து நடந்த வாரத்தில் கிராம நிர்வாக அலுவலர் திரட்ட வேண்டிய ஆவணங்கள் இவை என்று. ஒரு தடவை எழுதினால் போதும். துரதிர்ஷ்டவசமாக அது பலமுறை பயன்படும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மக்களைக் காப்பாற்றுவது என்றால் பூட்டுப் போடுவது என்று சிலர் நினைப்பார்கள். அந்த ஆலையில்தான் அவர்கள் சோறு இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரவு இரண்டு மணி நேரம் மட்டும் என்றபோது, இங்கே தீபாவளி விடியற்காலையில்தான் என்று தமிழ்நாடு அரசு போய்ச் சொன்னது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல், எந்த நேரம் என்பதை மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் திருத்தியது. சின்ன விஷயம்தான். ஆனால் ஊர் வழக்கம் தெரிந்தவர் போய்ச் சொன்னால் கோர்ட் கேட்கும் என்பதற்கு அது அத்தாட்சி. புகையால் மூச்சு முட்டுகிறவரும் உன் மக்கள், திரி உருட்டுகிறவரும் உன் மக்கள். ஒருவரை மறந்து இன்னொருவருக்கு வாதாடுவது தனியார் வக்கீலுக்குக் கட்டுப்படியாகும், உனக்கு ஆகாது.

தோற்கும் நாளும் வரும். நம் ஊர்க்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். ராஜபாளையத்தில் அவர் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த வீட்டைத் தாண்டித்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆட்சியில் இருந்தவர் அவர். அந்தச் சட்டத்தைப் படிக்கும் எவரும் முதலில் படிக்கும் மூன்று வழக்கிலும் ஒரு கட்சி அவருடைய அரசுதான்: கோபாலன், ரமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன். தாப்பர் வழக்கில் பத்திரிகைத் தடையைக் காப்பாற்ற முடியாமல் அரசு தோற்றது. தோற்றது நாட்டுக்கு நல்லது. 1951 ஏப்ரல் 9இல் செண்பகம் வழக்கிலும் தோற்றது. கல்லூரி இடங்களை 14 பங்காக்கிச் சமூகங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி ஆணை செல்லாது என்றாகிவிட்டது. மாகாணம் கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார், காமராஜர் டெல்லியில் பேசினார். ஜூன் 18இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இடைவெளி எழுபது நாள். கோர்ட்டில் தோற்றதை வெளியே மீட்டார்கள். பத்திரிகை வழக்கில் தோற்றதை ஏற்க வேண்டும், கல்லூரி வழக்கில் தோற்றதை மீட்க வேண்டும் என்று பிரித்தறிவது உன் தொழிலின் பாதி.

வென்ற பிறகு தோற்பதும் உண்டு. நம் மலைக்கு மேற்கே முல்லைப் பெரியாறு அணை. நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27இல் சொன்னது. சில வாரங்களில் கேரளம் 136 அடிதான் என்று ஒரு சட்டமே போட்டுவிட்டது. தமிழ்நாடு உட்கார்ந்து புலம்பவில்லை. அரசியல் சட்டத்தின் 131ஆம் பிரிவின் கீழ் மாநிலத்துக்கு எதிராக மாநிலம் வழக்காடும் உரிமையை எடுத்து, அதே ஆண்டில் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வாதியாக நின்றது. 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். நவம்பரில் தண்ணீர் 142ஐத் தொட்டது. எட்டு வருஷம். கம்பத்தில் நெல் போட்டவனுக்கு தீர்ப்பு தேதி நினைவிருக்காது, தண்ணீர் வந்த மாதம் நினைவிருக்கும்.

அதிகாரிகளோடு எப்படி நடப்பது என்று கேட்பாய். மரியாதையாக நட, எழுத்தில் நட. அரசே தவறு செய்திருக்கும் வழக்கு உன்னிடம் நிறைய வரும். கிழவியின் நிலத்தைக் கால்வாய்க்கு எடுத்துக்கொண்டு பணம் தராதது, ஓய்வூதியத்தை நிறுத்தியது. தோற்றால் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தணிக்கையில் என்னைக் கேட்பார்கள் என்பார் அதிகாரி. அவர் பயம் நியாயமானது. அந்தப் பயத்தைப் போக்க, மேல்முறையீட்டுக்கு உகந்ததல்ல என்று காரணத்தோடு உன் கருத்துரையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அவர் தலை தப்பும், கிழவிக்குப் பணம் போகும், கஜானாவுக்கு வட்டி மிச்சம். அரசு கட்சியாக உள்ள வழக்கில் சமரசத்துக்கு வழி இருக்கிறதா என்று கோர்ட்டே பார்க்க வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 27, விதி 5-பி. அதைக் கோர்ட் உனக்கு நினைவூட்டும்படி வைக்காதே, நீ கோர்ட்டுக்கு நினைவூட்டு.

நகராட்சியில் பணமில்லை என்பார்கள். 1980இல் ரத்லம் நகராட்சி அதையே சொன்னது. சாக்கடைக்கு நடுவில் குடியிருந்தவர்களின் வழக்கில், காசில்லை என்பது கடமையிலிருந்து தப்பும் வழியல்ல என்று வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து நீ புதுச் சட்டத்தின் 152 என்று எழுத வேண்டும். எண் மாறியிருக்கிறது, சாக்கடை மாறவில்லை.

இனி வேலை. பதவியேற்ற முதல் மாதத்தில் புது வழக்கு எதிலும் பெயர் வாங்க முயலாதே. ஒரு நீளமான பதிவேடு வாங்கு. கடந்த பத்தாண்டில் இந்த மாவட்டத்து மக்களுக்குச் சாதகமாக வந்து இன்னும் நிறைவேறாத உத்தரவு எவையெவை என்று எழுது: இழப்பீடு, ஜப்தி, ஆக்கிரமிப்பு அகற்றம், நில எடுப்புத் தொகை. ஐந்து பத்தி போதும்: எந்த உத்தரவு, யாருக்கு, எவ்வளவு, இப்போது எந்த மேசையில், அடுத்த தேதி என்ன. கலெக்டர் ஆபீஸில் மாதம் ஒருமுறை ஆய்வுக் கூட்டம் நடக்கும்போது அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போ. முதல் கூட்டத்தில் உன்னை யாரும் விரும்பமாட்டார்கள். மூன்றாவது கூட்டத்தில், நீ வருவதற்கு முந்தின நாளே சில கோப்புகள் நகர்ந்திருக்கும்.

உன்னைத் தேடி வருபவர்களை நாற்காலி போட்டு உட்காரச் சொல். அவர்களுக்கு உத்தரவைத் தமிழில் படித்துக் காட்டு. எத்தனை நாளாகும் என்று கேட்டால் உண்மையைச் சொல். பொய்யான நம்பிக்கைக்கு ஏற்கெனவே ஒருமுறை பணம் கட்டியவர்கள் அவர்கள்.

மாசத்துக்கு ஒரு கடிதம் போடு. எந்த வழக்கு ஜெயித்தாய் என்று எழுத வேண்டாம், அது எனக்குப் பேப்பரிலேயே தெரியும். பதிவேட்டில் அந்த மாதம் எத்தனை வரிக்கு நேரே "பட்டுவாடா ஆயிற்று" என்று எழுதினாய், அதை எழுது. ஒன்றுமில்லாத மாதம் இருந்தால், எந்த மேசையில் நின்றது என்று எழுது. சேர்ந்து யோசிப்போம்.

பெரியம்மா ஆசிகளைச் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியப்பா